மாத்திரை போட ஒரு இடம்

மூடிக்கிடக்கும் ஒரு கடையின் படியில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பதால் அவள் எல்லோருக்கும் பொத்தானக்கா. அந்தப் படிதான் கடை, அதுதான் வீடு. ஆனால் கொஞ்ச காலமாக அவள் அதில் படுப்பதில்லை. படுத்தால் நெஞ்சுக்குள் யாரோ குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவதுபோல மூச்சு முட்டியது. எழுந்து உட்கார்ந்தால் அடங்கியது. சுவரில் சாய்ந்தபடியே கண்ணை மூடப் பழகிக்கொண்டாள்.

வீடில்லாதவர்களுக்கென்று வாரம் ஒருமுறை பாலத்தடியில் ஒரு மருத்துவ வேன் வந்து நிற்கும். உள்ளே ஒடுக்கமாக ஒரு கட்டில், கைகழுவும் தொட்டி, மருந்து அலமாரி. முதல் நாள் நர்ஸம்மா மண்டியிட்டு உட்கார்ந்து, பொத்தானக்காவின் கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது, பிசைந்த மாவில் அழுத்தியதுபோல.

"இதயம் ஒரு பம்புதான்க்கா," என்றார் இளம் டாக்டர். "பம்பு களைச்சுப்போனா உடம்புல தண்ணி தேங்கும். பகல்ல காலுக்கு இறங்குது. நீங்க படுத்ததும் அதே தண்ணி நெஞ்சுப்பக்கம் வந்துடுது. அதான் மூச்சு முட்டுது. இந்த மாத்திரை அத சிறுநீரா வெளிய தள்ளிடும். காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

அவளுடைய உடம்பைப் பற்றி அவளிடமே இவ்வளவு பொறுமையாக யாரும் பேசியதில்லை. 'தள்ளி நில்லு' என்றே கேட்டுப் பழகிய காதுக்கு அது தேனாக இருந்தது. அதனால்தான் அதற்குப் பிறகு வந்த வாரங்களில் சொன்ன பொய் அவளை முள்ளாகக் குத்தியது.

"மாத்திரை போடுறீங்களாக்கா?"

"தவறாம போடுறேன் தம்பி."

ஒரே ஒருமுறைதான் போட்டிருந்தாள், ஒரு சாயங்காலம். மாத்திரை சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தது. ஆனால் இருட்டியதும் பொதுக்கழிப்பறையைப் பூட்டிவிடுவார்கள். துணிமூட்டையைப் போட்டுவிட்டு எங்கே ஓடுவது? உடுத்தியிருந்ததும் நனைந்தது, படியும் நனைந்தது. காலையில் பக்கத்துக் கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே படியைக் கழுவிவிட்டார். இன்னொரு தடவை நடந்தால் படியே போய்விடும். தூக்கம் போனால் போகட்டும், உட்கார இடம் வேண்டுமே. மாத்திரைகள் மூட்டைக்குள் போயின.

இந்த வாரம் குழி இன்னும் ஆழமாக விழுந்தது. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"மாத்திரைய ரெட்டிப்பாக்கிடலாம். அடுத்த வாரமும் வீக்கம் இறங்கலைன்னா பெரிய ஆஸ்பத்திரில சேர்த்துடுவோம்."

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினால் அந்தப் படியில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள்.

வெயிலுக்கு டாக்டர் காலையிலிருந்தே பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்திருந்தார். இப்போது வேனுக்கு வெளியே எட்டிப் பார்த்தார்.

"அக்கா, இங்க டாய்லெட் எங்க இருக்கு?"

"அந்த மூலையில. ஆனா பூட்டியிருக்கும். சாவிக்காரர் சாப்பிடப் போயிருப்பாரு."

"எப்ப வருவாரு?"

"சாப்பிட்டு, பல்லு குத்தி, ஊர்க்கதை பேசி..."

டாக்டர் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறினார். நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "சார், வேன்ல காலி பாட்டில் இருக்கு."

"சும்மா இருங்க சிஸ்டர்!"

பொத்தானக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்போடு வாயும் அவிழ்ந்தது. "வெறும் தண்ணிக்கே இந்த ஆட்டம் ஆடுறீங்களே தம்பி, உங்க மாத்திரைய போட்டுட்டு நான் எங்க போயி ஆடுறது?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். டாக்டரின் ஆட்டம் நின்றது.

"நீங்க போடவே இல்லையாக்கா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். திட்டு விழும் என்று காத்திருந்தாள்.

"எங்க போவீங்கன்னு நான்தான் கேட்டிருக்கணும்," என்றார் டாக்டர். அவர் முகம் வெளுத்திருந்தது. "கேக்காம ரெட்டிப்பு வேற குடுக்கப் பாத்தேன்."

அதற்குள் சாவிக்காரர் வந்துவிட்டார். பூட்டுத் திறந்ததுதான் தாமதம், டாக்டர் அவரை இடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

"என்னம்மா, டாக்டருக்கே வயித்தால போகுதா?" என்றார் சாவிக்காரர்.

டாக்டர் நிம்மதியாக வெளியே வந்து யோசனை சொன்னார். இந்த மாத்திரை நாள் முழுக்க வேலை செய்வதில்லை. போட்டவுடன் மழையாகக் கொட்டி, மதியத்துக்குள் தூறலாகி நின்றுவிடும். ஆகவே சாயங்கால மாத்திரை வேண்டாம். காலையில் கழிப்பறை திறந்ததும் ஒன்றே ஒன்று, அதன் வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்து. கொட்டுவது நிற்கும்வரை தையலும் அங்கேயே. மூட்டை சாவிக்காரரின் அறையில்.

"நான் என்ன கம்பவுண்டரா?" என்று சாவிக்காரர் முறைத்தார்.

"சாவி உங்க கையிலதானே இருக்கு," என்றாள் நர்ஸம்மா.

அவர் பொத்தானக்காவின் காலைப் பார்த்தார். "இவ்வளவு வீங்கியா கிடக்கு? சரி, உக்காரட்டும். வரிசையில நிக்க வேணாம், நேரா உள்ள போகட்டும்."

மறுநாள் காலை அவள் மாத்திரையை விழுங்கினாள். பொத்தான் ஒன்று முடிவதற்குள் எழுந்து ஓடினாள். திரும்பி வந்து ஊசியை எடுத்தாள், மறுபடி ஓடினாள்.

"உள்ளயே ஒரு நாற்காலி போட்டுடவா?" என்று கத்தினார் சாவிக்காரர். ஆனால் வரிசையில் முணுமுணுத்தவரிடம், "அவங்க மருந்துல இருக்காங்க, வழி விடுய்யா," என்றார். அந்த 'அவங்க' அவள் நெஞ்சில் இறங்கியது.

அடுத்த வாரம் நர்ஸம்மா அழுத்திய குழி ஆழமில்லாமல் விழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிரம்பியது.

"படுங்கக்கா, பாப்போம்," என்றார் டாக்டர்.

அவளுக்குப் பயமாக இருந்தது. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சாய்ந்தாள். தண்ணீர் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. மூச்சு தன்பாட்டுக்கு வந்தது, போனது. இவர்களுக்கு ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தவள், அப்படியே தூங்கிப்போனாள்.

விழித்தபோது வேனில் யாருமில்லை. வெளியே பாலத்து நிழலில் ஸ்டூல் போட்டு, டாக்டர் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயையோ, எழுப்பியிருக்கக் கூடாதா?"

நர்ஸம்மா கதவருகே வந்தாள். "எதுக்கு எழுப்பணும்? வரிசையில எல்லாரும், 'தூங்கட்டும், நாங்க வெளியவே காட்டிக்கிறோம்'னு சொல்லிட்டாங்க."

பொத்தானக்காவுக்கு நினைத்து வைத்திருந்த நல்ல வார்த்தை ஒன்றும் வரவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் படுத்துக்கட்டுமாம்மா?" என்று கேட்டாள்.