விருந்தினர் குடில் காலியாக உள்ளது

1

இந்தக் கதை எப்படி வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மாட்டிக்கொண்டு முழிக்க வேண்டாம். ஒரு திங்கட்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் ஆபீஸ் போன் அடித்தது. நான் எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது.

நான் ஒரு வீட்டுத் தரகரிடம் விளம்பரம் எழுதுகிறவன். வீட்டை நேரில் போய்ப் பார்க்கிற வழக்கம் எனக்கு இல்லை. படக்காரர் எடுத்து வரும் படங்களையும் அளவுகளையும் மேசையில் பரப்பிக்கொண்டு எழுதுவேன். "நேர்ல போனா ஒழுகுற கூரை உம்ம கண்ணுல படும், எழுத்தாளரே. படத்துல எந்தக் கூரையும் ஒழுகாது" என்பார் தரகர். 'எழுத்தாளரே' என்பது நக்கல்.

2

முதலில் கதையை இப்படித் தொடங்கினேன்:

'நூறாண்டு கடந்த அந்த மாளிகை மாலை வெயிலில்...'

[அடித்துவிட்டேன். மாலை வெயிலை இந்த வருஷம் மட்டும் நாற்பது வீடுகளுக்கு அடித்தாயிற்று.]

'கல்படிகளும் மரத்தரையும் கொண்ட, ஆறு ஏக்கர் தோட்டத்துக்கு நடுவே...'

[இதுவும் விளம்பரம். கை பழகிவிட்டது, சனியன்.]

சரி, விளம்பரத்தையே தந்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வந்தது இதுதான்:

'நூற்றுப்பத்து ஆண்டுப் பழைய பங்களா விற்பனைக்கு. ஆறு ஏக்கர் தோட்டம், குளம், கல் பாவிய நடைபாதை. தனி வாசலுடன் விருந்தினர் குடில்.* குடில் காலியாக உள்ளது. உடனே குடியேறலாம்.'

* தரகர் சொன்னது 'அவுட்ஹவுஸ்'. அதைக் குடிலாக்கியது என் கைவண்ணம். அன்று அதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

3

"அந்தப் பங்களா விளம்பரம் எழுதினது யாருங்க?"

வயதான பெண் குரல். அவசரம் இல்லாத குரல்.

"நான்தாங்க."

"நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. ஒரே ஒரு தப்பு. கெஸ்ட் ஹவுஸ் காலின்னு போட்டிருக்கீங்க. நான் உள்ளதான் இருக்கேன்."

வீட்டை விற்கிறவர் ஓய்வுபெற்ற டாக்டர். பேசியது அவருடைய தங்கை. புருஷன் இறந்த வருஷம், 'பத்து நாள் வந்து இருந்துட்டுப் போ' என்று அண்ணன் கூப்பிட, வந்தவர். பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. இன்னும் அவர் இருக்கும் குடிலுக்குப் பெயர் கெஸ்ட் ஹவுஸ்தான்.

"விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குன்னு சொல்வாங்க. நான் பாருங்க, எவ்வளவு நாள் இழுத்துட்டேன்" என்று சிரித்தார். அழுதிருந்தால்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

"வீடு விக்கப்போறது உங்களுக்கு..."

"பேப்பர்லதான் பார்த்தேன். புதுக் கண்ணாடி அன்னைக்குத்தான் வந்துச்சு. போட்டுக்கிட்டு முதல்ல படிச்சது நீங்க எழுதினதுதான்."

4

இங்கே எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். [தள்ளிப்போடுகிறேன் என்று நினைப்பீர்கள். ஆமாம்.]

படம் எடுக்கும் முன் அறையில் ஆள் வாடையே இருக்கக் கூடாது. செருப்பு, பல் துலக்கும் பிரஷ், சுவரில் குடும்பப் படம், கொடியில் துண்டு, எல்லாவற்றையும் படக்காரர் அலமாரிக்குள் தள்ளி மூடுவார். பார்க்க வருகிறவர் தன்னைத்தான் அந்த அறையில் பார்க்க வேண்டும், இன்னொருத்தரை அல்ல. எடுத்து முடித்ததும் எல்லாவற்றையும் இருந்த இடத்தில் வைப்பார். ஏறக்குறைய இருந்த இடத்தில்.

இந்தக் குடிலைப் படம் எடுத்த அன்று காலை டாக்டர் தங்கையைக் கண் ஆஸ்பத்திரிக்குக் காரில் அனுப்பியிருக்கிறார். "கண்ணைக் காட்டிட்டு வா, ரொம்ப நாளாச்சு." திரும்பி வந்தவர் பார்த்தால், செருப்பு கட்டிலின் மறுபக்கம் இருக்கிறது. ஜன்னல் பளபளக்கிறது. போர்வை சுருக்கமில்லாமல் விரித்திருக்கிறது.

"எனக்காகத்தான் ஆள் விட்டுச் சுத்தம் பண்ணியிருக்கான்னு நினைச்சேன் தம்பி. நேரா போய், ரொம்ப நல்லா இருக்குண்ணான்னு சொன்னேன். அவனும் ஆமான்னான்."

இதற்கு மேல் இந்தப் பகுதியில் எனக்கு எழுத வரவில்லை.

5

ஒன்றாம் பகுதியில் பொய் சொல்லிவிட்டேன். கதை போனில் பிறக்கவில்லை.

படங்கள் வந்த அன்றே குடிலின் ஜன்னல் திண்டில் ஒரு பழைய மூக்குக்கண்ணாடி இருந்ததைப் பார்த்தேன். ஒரு காது நூலால் கட்டியது. யாரோ தினமும் படிக்கப் போட்டுக் கழற்றுகிற கண்ணாடி, படக்காரர் ஒதுக்க மறந்தது. பார்த்ததும் புரிந்தது. படக்காரரைக் கூப்பிட்டு, "ஜன்னல்ல ஒண்ணு கிடக்கு, அழிச்சுடுங்க" என்றேன். ஒரே நிமிஷத்தில் அழித்துக் கொடுத்தார். அதன் பிறகுதான் 'காலியாக உள்ளது' என்று எழுதினேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது தரகரும் இல்லை, டாக்டரும் இல்லை. நான். வெட்கமாக இருக்கிறது.

6

அந்த அம்மாள் விற்பனையை நிறுத்தச் சொல்லவில்லை. "அவன் வீடு, அவன் விக்கட்டும். எங்க போறதுன்னு நான் பார்த்துக்கறேன். ஆனா நான் இருக்கும்போதே நான் இல்லைன்னு எழுதாதீங்க தம்பி. அதை மட்டும் மாத்திடுங்க" என்றார்.

அடுத்த ஞாயிறு விளம்பரம் வியாழன் மதியத்துக்குள் பேப்பருக்குப் போக வேண்டும். தரகரிடம் சொன்னேன்.

"ஆள் இருக்குன்னு போட்டா எவன்யா வருவான்? வீட்டுக்காரர் காலின்னா காலி. உமக்கென்ன நோவு?"

டாக்டருக்கே போன் போட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "படிச்சுட்டாளா?" என்று கேட்டார். "ஆறு மாசமா அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு முழிச்சுட்டு இருந்தேன். நான் சொல்ல வேண்டியதை நீங்க சொல்லிட்டீங்க. நல்லதாப் போச்சு."

நன்றி என்று வேறு சொன்னார். அந்த நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

7

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

டாக்டர் தோட்டத்தைக் கடந்து குடிலுக்குப் போய், தங்கை கையைப் பிடித்து... [மூன்று தடவை எழுதிவிட்டேன். கல்படி வரை வருகிறார். படியிறங்க மாட்டேன் என்கிறார்.]

நல்ல மனசுள்ள ஒருவர் வாங்கி, "நீங்க இங்கயே இருங்கம்மா" என்று... [அடப் போய்யா. இது என் குற்றத்துக்கு நானே போட்டுக்கொள்ளும் களிம்பு.]

வியாழக்கிழமை நான் உண்மையில் எழுதி அனுப்பியது இது: 'விருந்தினர் குடிலில் ஒருவர் பத்தொன்பது ஆண்டுகளாக வசிக்கிறார்.' ஆனால் அனுப்பியதைத் தரகர் கடைசியாகப் பார்ப்பார். அவருக்கும் பேனா உண்டு. ஞாயிறு இன்னும் வரவில்லை.

8

ஆகவே, பேப்பரில் எது வந்தாலும், வீடு பார்க்கப் போகிறவர் நீங்கள்தான்.

பங்களாவைச் சுற்றிக் காட்டுவார்கள். குளத்தைக் காட்டுவார்கள். பிறகு தரகர் ஒரு சாவியை உங்கள் கையில் கொடுத்து, "அது சும்மாதான் கிடக்கு சார், திறந்து பாருங்க" என்பார். திறக்காதீர்கள். கதவைத் தட்டுங்கள்.

உள்ளே செருப்புச் சத்தம் கேட்கும். "யாரு?" என்று கேட்பார்.

பதில் நீங்கள் சொல்ல வேண்டியது. அதை நான் எழுதித் தர மாட்டேன்.