சாக்பீஸ் அம்மாவும் நான் சேர்த்த ஒரு வரியும்

"இதை எழுதினவன் கையை உடைக்கணும்."

"ஏன்க்கா? நல்லாத்தானே எழுதியிருக்கு."

"நல்லா இருக்கிறதாலதான் உடைக்கணும்ங்கறேன். மோசமா எழுதியிருந்தா மேலதிகாரி பாதியிலயே மூடி வெச்சிருப்பார். இவரு கடைசி வரைக்கும் படிச்சு, ஒரு வரிக்குக் கீழ சிவப்புப் பேனாவால கோடு வேற போட்டிருக்கார்."

1

இந்தக் கதை பிறந்தது இப்படித்தான். அக்கா சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்று ஒரு புகாரின் நகலை விசிறி போல ஆட்டிக்கொண்டிருந்தாள். நகராட்சியில் அவளுக்கு வேலை. தெருவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கும் வண்டிகளுக்கு அபராதச் சீட்டு எழுத வேண்டும். தெருமுனையில் கடை வைத்திருக்கும் தையல்காரர் ஒருவர், தன் ஸ்கூட்டருக்கு மட்டும் சீட்டு மேல் சீட்டு விழுவதாகப் புகார் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை விசாரணை.

சிவப்புக் கோடு விழுந்த வரி இது: 'மறுமுனையில் நிற்கும் பெரிய கார்களை மட்டும் அவர் கண்கள் காண மறுப்பது ஏன் என்று, அவருடைய கைப்பையைக் கேட்டால் சொல்லும்.'

அந்த வரி நிலைத்தால் அக்காவின் வேலை நிலைக்காது.

வாசகரே, கைப்பையைப் பேச வைத்தவன் நான்.

2

(முதல் தொடக்கம்: 'மழை ஓய்ந்திருந்த அந்த மாலையில்—' வேண்டாம். மழையே பெய்யவில்லை.)

(இரண்டாம் தொடக்கம்: 'எந்த நகரமும் தன் குற்றவாளிகளைத் தானே—' இதில் நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களின் வாடை அடிக்கிறது.)

சரி, உள்ளது உள்ளபடி. நான் ஒரு ஜெராக்ஸ் கடையில் மனுக்கள் தட்டச்சு செய்பவன். கணினிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஸ்டூல் போடத்தான் இடம். தையல்காரர் அதில் உட்கார்ந்து சொன்னார்:

"சாக்பீஸ் அம்மான்னு சொல்லுவோம் தம்பி. வந்து டயர்ல ஒரு கோடு போட்டுட்டுப் போவாங்க. ஒரு மணி நேரம் கழிச்சு வந்து பாப்பாங்க. கோடு அசையாம இருந்தா சீட்டு. நானும் சாக்பீஸ்ல கோடு போடறவன்தான். ஆனா வெட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை அளப்பேன்."

"பொய்ச் சீட்டா எழுதறாங்க?"

"சேச்சே. நான் நிறுத்துறது தப்புதான். ஆனா அந்தக் கோடியில, கிளினிக் முன்னாடி நிக்கிற காருங்களும் தப்புதானே? அதுங்களுக்கு ஏன் விழ மாட்டேங்குது? அதை மட்டும் எழுதுங்க."

அதை மட்டும் எழுதியிருக்கலாம். ஆனால் அநியாயம் இருந்தால் அநியாயக்காரி வேண்டும், அநியாயக்காரிக்கு ஒரு நோக்கம் வேண்டும் என்று விரல்கள் அரித்தன. கைப்பை வந்து விழுந்தது. தையல்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"கைப்பையா? நான் எதுவும் பாக்கலையே தம்பி."

"அப்படி எழுதினாத்தாண்ணே எடுபடும்."

படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

[இங்கே நீங்கள் கேட்பீர்கள்: அது உன் அக்கா என்று தெரியாதா? தெரியாது. பார்க்காத ஊர்களின் சந்து பொந்தெல்லாம் எனக்கு அத்துப்படி. என் அக்கா எந்தத் தெருவில் வேலை பார்க்கிறாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இந்தக் குறிப்பை அடித்துவிடத்தான் நினைத்தேன். கிடக்கட்டும்.]

3

இப்போது எனக்கு நான் படைத்த அநியாயக்காரிப் பாத்திரத்தின் மேலேயே சந்தேகம். என் வரியை நான் நம்பவில்லை. தையல்காரரையோ நம்பாமல் இருக்க முடியவில்லை. கதைக்காகக் கேட்கிறேன் என்று சொல்லி அக்காவிடமே கேட்டேன். அவள் மேசை ஓரமாகக் காபி டம்ளர்களை வரிசையாக வைத்து, அதன் பக்கத்தில் இரண்டு விரல்களை நடக்கவிட்டாள்.

"இதான் தெரு. பஸ் தையல் கடை வாசல்ல நிக்கும். இறங்கின உடனே கோடு போட ஆரம்பிப்பேன். கிளினிக் வரைக்கும் பத்து நிமிஷம். ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடியும் இங்கேருந்து. முதல் வண்டி ஸ்கூட்டர். நின்னு சீட்டு எழுதுவேன். அப்போ கிளினிக் வாட்ச்மேன் விசில் ஊதுவார்."

"எதுக்கு?"

"எனக்கு மரியாதை பண்றார்னு நெனச்சேன். நானும் கையை ஆட்டுவேன்."

விரல்கள் மூன்றாவது டம்ளரில் நின்றன. அக்கா என்னைப் பார்த்தாள்; நான் கடைசி டம்ளரைப் பார்த்தேன்.

"அட கஷ்டமே! நான் போறதுக்குள்ள காரையெல்லாம் எடுத்துடறானுங்க. ஸ்கூட்டருக்கு எழுதற சீட்டு மத்தவங்களுக்கெல்லாம் தண்டோரா போட்ட மாதிரி ஆயிடுது!"

"நீ கையை வேற ஆட்டியிருக்க."

"சிரிக்காதடா, எருமை!" என்றவள், தானும் சிரித்தாள். டம்ளர்கள் குலுங்கின.

ஆக, அநியாயத்துக்குக் காரணம் லஞ்சமில்லை. பேருந்து நிற்கும் இடம். எந்த நாவலிலும் பேருந்து நிறுத்தம் வில்லனாக வந்து நான் படித்ததில்லை.

4

முடிவுகள்.

முதலாவது: விசாரணைக்கு வந்த மேலதிகாரியின் காருக்கே அக்கா சீட்டு ஒட்டுகிறாள், தெருவே கைதட்டுகிறது. (அக்கா: "அவரும் பஸ்லதான்டா வர்றார்.")

இரண்டாவது: அக்கா நாளை முதல் மறுமுனையிலிருந்து நடக்கிறாள். (அவள் செய்யத்தான் போகிறாள். ஆனால் அவளை வேறு தெருவுக்கு மாற்றிவிட்டால் அடுத்து வருகிறவரும் அதே பேருந்தில் வந்து, அதே ஸ்கூட்டரில்தான் தொடங்குவார்.)

மூன்றாவது: நான் பெயர் போடாமல் ஒரு கடிதம் எழுதி, கைப்பை வரி பொய் என்று— கோழைத்தனம். போதாததற்கு, ஒரு வரி பொய் என்றால் புகார் முழுவதும் பொய் என்று மூட்டை கட்டி வைத்துவிடுவார்கள். அக்கா தப்பிப்பாள், தையல்காரர் மாட்டுவார்.

நான்காவது: நானே நேரில் போய்— அதற்குப் பிறகு என்னிடம் மனு எழுத யார் வருவார்கள்? ஸ்டூலோடு சேர்த்து முதலாளி என்னையும் வெளியே வைத்துவிடுவார்.

5

இதுவரை எழுதிய தாள்களை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். எழுதுகிறவன் செய்யக்கூடாத காரியம். தலையைத் துவட்டிக்கொண்டு வந்தால், அக்கா கடைசித் தாளைப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

நான் அடிக்குத் தயாரானேன்.

"கைப்பையாம், கைப்பை" என்றாள். "அதுல குடையும் ஒரு வாழைப்பழமும்தான்டா இருக்கு. அதைக் கேட்டா என்னத்தச் சொல்லும்?"

"அக்கா, நான் வந்து—"

"பேசாத. நீ பேசினா அதுலயும் எதையாவது சேத்துடுவ." தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தினாள். அவள் முகத்தில் சிரிப்பும் இருந்தது. சிரிப்பு மட்டும் இருந்தது என்று எழுதினால் அதுவும் நான் சேர்த்ததாகிவிடும். "தையல்காரர் சொன்னதுல தப்பே இல்ல. அந்தாளுக்குத்தான் முதல்ல நியாயம் கிடைக்கணும். அந்த வரி பொய்னு நான் சொன்னா தப்பிக்கப் பாக்கறேம்பாங்க. அவர் சொன்னா மிரட்டிட்டேம்பாங்க. எழுதினவன்தான் சொல்லணும். திங்கட்கிழமை என்கூட வந்து, அந்த ஒரு வரி மட்டும் என் கற்பனை, மிச்சமெல்லாம் நிஜம்னு எல்லார் முன்னாடியும் சொல்றியாடா?"