இறங்கிய பெடல்

விக்டோரியாவின் உயிருக்கு நான்கு லட்சம் என்று விலை சொன்னான் அவள் தம்பி எட்வர்ட். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள். கும்மிடிப்பூண்டி சிப்காட் சாலையில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் மணவாளன் ஒன்றில் ஆரம்பித்து இரண்டு வரை ஏறியிருந்தான். பழைய மோட்டாருக்குக்கூட இதைவிட மரியாதையாகப் பேரம் நடக்கும். பணம் வராவிட்டால், பிரேக் பார்த்தவன் என்று அவன் பெயரைப் போலீஸில் எழுதிக் கொடுப்பதாக எட்வர்டின் பேச்சு. பெயர் போனால் ஷெட் போகும். கம்பி எண்ணவும் நேரலாம்.

போன மாதம் விக்டோரியாவின் கணவர் பாக்கியநாதன் தன் இருபது வருஷத்துக் காரைக் கொண்டுவந்து, பிரேக் பெடல் மெத்தென்று இறங்குகிறது என்றார். பிரேக் ஆயில் முழுக்க மாற்ற வேண்டும் என்றான் மணவாளன். அவர் கறாராகப் பேசி, பிரேக் குழாயில் புகுந்த காற்றை மட்டும் எடுக்கச் சொல்லிக் கொண்டுபோனார். போன வாரம் நின்றிருந்த லாரியின் பின்னால் கார் போய்ச் செருகிக்கொண்டது. இடது பக்கம் உட்கார்ந்திருந்த மனைவி பிழைக்கவில்லை.

வண்டியைப் பார்க்காமல் சல்லி தர மாட்டேன் என்று மணவாளன் நின்றுகொண்டான். எட்வர்ட் கட்டியிழுத்து வந்தான். கையில் மாவுக்கட்டோடு பாக்கியநாதனும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

மணவாளன் பெடலை மிதித்து அப்படியே பிடித்தான். நிற்காமல் மெல்ல இறங்கி, அடிப் பலகையைத் தொட்டது. நான்கு சக்கரத்திலும் ஒரு சொட்டுக் கசிவில்லை. ஆக, பெடல் அழுத்தும் சிலிண்டரின் உள் ரப்பர் கெட்டுப்போயிருக்கிறது. அவன் கை வைக்காத இடம். பாதி மூச்சு வந்தது. ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்தான். உள்ளே இருந்த ரப்பர் ஊறிய அப்பளம் போல உப்பி, திரும்ப மூடிக்குள் உட்கார மறுத்தது. சிரிஞ்சில் கொஞ்சம் உறிஞ்சி, தண்ணீர் டம்ளரில் விட்டான். பிரேக் ஆயிலாக இருந்தால் கலந்திருக்கும். இது மேலே மஞ்சளாக மிதந்தது. யாரோ ஊற்றிய வேறு எண்ணெய், பிரேக் ரப்பரை ஊறவைத்துக் கெடுப்பது.

“இன்னாபா அது?” என்றான் எட்வர்ட்.

மணவாளனுக்கு விடுதலை அந்த டம்ளரில் இருந்தது. அதைப் பெஞ்சின் மேல் வைத்தான்.

பாக்கியநாதன் எழுந்து வந்து விரலால் தொட்டு முகர்ந்தார். இருபத்தாறு வருஷம் கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஓட்டியவர். ஷிப்ட் தொடங்கும்போது லெவல் பார்த்து ஆயில் ஊற்றாமல் அவர் மெஷினைத் தொட்டதில்லை.

“எங்க பிரஸ்ஸு ஆயிலு,” என்றார். “கொறஞ்சிருந்துச்சி. ரெண்டும் ஹைட்ராலிக் தானேன்னு கம்பெனிலர்ந்து பாட்டில்ல எட்தாந்து ஊத்தினேன்.” பிறகு மணவாளனைப் பார்த்தார். “நீதானே சொன்ன, கொறஞ்சா ஊத்துங்கோன்னு?”

“சொன்னேண்ணா. எத்த ஊத்தணும்னு சொல்லல.”

எட்வர்ட் பேரத்தை அதற்குமேல் எடுக்கவில்லை. மாமாவின் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போனான். மணவாளன் ஜெயித்த பேரங்களில் இதற்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

ஆயில் மாற்றாததில் பாக்கியநாதனுக்கு மிச்சம் அறுநூறு ரூபாய். எதை ஊற்றுவது என்று சொல்லாததில் மணவாளனுக்கு மிச்சம் ஒரே ஒரு வார்த்தை. இரண்டும் விக்டோரியா பெயரில் பற்று. வரவு வைக்க ஆள் இல்லை.