யன்னலில் ஒரு பெயர்

ஜேர்மனியின் டோர்ட்முண்ட் நகரில் இலை கொட்டத் தொடங்கினால் கிண்டர்கார்டன்காரருக்குப் பைத்தியம் பிடித்துவிடும். கூட்டித் தள்ளவேண்டிய குப்பையை உள்ளே கொண்டுவந்து மட்டையில் ஒட்டச் சொல்வார்கள். அதற்குப் பெற்றோரும் போய், முழங்கால் நாடியில் முட்டுகிற குட்டிக் கதிரையில் குந்தவேண்டும். இது தாரகனின் அபிப்பிராயம். ஆனாலும் இதே ஐயாதான் லீவு எடுத்துக்கொண்டு, சொந்தக் கத்தரிக்கோலோடு வந்திருந்தார்.

எல்லாம் நாலு வயது மகள் ஆரணிக்காக. ஒட்டினதைப் பெரிய யன்னலில் தொங்கவிட்டு, செய்தவர் பெயரையும் வயதையும் கீழே எழுதுவார்கள். போன வருடம் அவளுக்குக் காய்ச்சல், யன்னலில் அவள் பெயர் இல்லை. இந்த வருடம் ஒரு மாதமாக இதே பேச்சு. தன் பெயர் ஒன்றைத்தான் அவளுக்கு வாசிக்கத் தெரியும்.

"இந்தமுறை என்ர பேர் யன்னலில இருக்கும், என்னப்பா?"

"ஓம், நட்டநடுவில இருக்கும். அப்பா இருக்கிறன்."

அங்கேதான் வந்தது வினை. தாரகன் கட்டுப்பல் செய்கிறவன். இம்மி பிசகினாலும் அவனுக்கு நித்திரை வராது. மகள் பொறுக்கிய இலைகளை ஈரம், புள்ளி என்று கழித்துவிட்டு, தானே தெரிந்தெடுத்தவற்றை அரிசி மூட்டைக்குக் கீழே ஒரு கிழமை வைத்து நேராக்கியிருந்தான். ஓட்டை விழுந்த இலையொன்றைக் கண்ணில் வைத்து அவள் வீடு முழுக்கப் பார்த்துத் திரிந்தாள். அதையும் பறித்துக் குப்பையில் போட்டான்.

எதிரே பேனாட் என்ற தாடிக்கார வக்கீல் நாக்கைக் கடித்துக்கொண்டு இலையால் நரி உருவம் ஒட்ட, அவர் மகன் கொட்டாவி விட்டான். தாரகனுக்குச் சிரிப்பு வந்தது. லிசா என்ற பிள்ளையின் தாய் கைபேசியில் மூழ்கிப்போக, அந்தச் சிறுமி தன்பாட்டில் பசையை ஊற்றி, இலையை நொறுக்கிப் பிசைந்து வைத்திருந்தாள். 'சாணி' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

அவன் செய்தது மயில். தோகையில் ஒரு இலைகூடக் கோணவில்லை.

"அப்பா, நானும் ஒண்டு ஒட்டட்டோ?"

"கை வைக்காதையம்மா, பழுதாப் போயிடும்."

கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்தாள்.

ஆசிரியை மெலனி பேனாவும் துண்டுக் காகிதமுமாக வந்து ஆரணியிடம் குனிந்தார். "இதைச் செய்தது யார்?"

அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "அப்பா" என்றாள்.

மெலனி சிரிக்கவேயில்லை. நிமிர்ந்து தாரகனைக் கேட்டார். "உங்களுக்கு எத்தனை வயது?"

அன்று பின்னேரமே எல்லாம் யன்னலில் ஏறின. ஓர் ஓரத்தில் நரி: 'பேனாட், 44'. மறு ஓரத்தில் மயில்: 'தாரகன், 38'. நட்டநடுவில் அந்தச் சாணி: 'லிசா, 4'. கெட்டிக்காரப் பெற்றோரெல்லாம் செருப்படி வாங்கினவர்கள் மாதிரி அவசரமாக மேலங்கியை மாட்டினார்கள். தாரகனுக்கும் வெட்கத்தில் காது சுட்டது. யார் கண்ணிலும் படாமல் மகளை இழுத்துக்கொண்டு ஓடத்தான் நினைத்தான்.

ஆரணி வரவில்லை. எட்டி எட்டி, ஒவ்வொரு காகிதமாக விரல் வைத்துத் தேடிக்கொண்டு போனாள். யன்னலின் அந்தம்வரை போய்விட்டு, திரும்ப முதலிலிருந்து தொடங்கினாள்.

"என்ர பேரைக் காணேல்லை, அப்பா. நீங்கள் ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ."