குறை சொல்லத் தெரியாத தரகர்

என் கணவர் நிப்றாஸ் காணி, வீடு விற்றுக்கொடுக்கும் தரகர். அவர் வாயால் கெட்ட வீடு என்று கல்முனைக்குடியில் ஒன்று கிடையாது. கூரை ஒழுகினால் நல்ல காற்றோட்டம் என்பார். ஒழுங்கைக்குள் ஓட்டோ திரும்பாது என்றால், பிள்ளைகள் பயமில்லாமல் விளையாடலாம் என்பார். ஏன் இப்படிப் பொய் சொல்கிறீர்கள் என்று நான் சண்டைக்குப் போனால், எந்த வீட்டிலும் ஒரு நல்லது இருக்கிறது, அதைத் தேடிப் பிடித்துச் சொல்கிறேன் என்று சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு முன்னால் என் கோபம் அதிக நேரம் நிற்காது. அதுவும் எனக்குக் கோபம்தான்.

எங்கள் ஊரில் வீடு என்றால் அது பெண்பிள்ளையின் வீடு. பெண்ணைப் பெற்றவர்கள் கட்டிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து குடியேறுவார். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல், நடுவில் வீட்டோடு வீடு முட்டி நிற்கும் ஊர். இங்கே ஒரு துண்டுக் காணிக்கு வாப்பாமார் படும் பாடு சொல்லி முடியாது. கலியாணத்துக்கு நிற்கும் எத்தனையோ குமர்களுக்கு வீடு கட்ட இவர்தான் வளவு தேடிக் கொடுத்தார். எங்களுக்கும் இரண்டு பெண்கள். என் வாப்பா எனக்குக் கட்டித் தந்த இந்த வீடு மூத்தவளுக்கு. சின்னவளுக்கு ஒரு சாண் நிலம் இல்லை. தரகர் மகளுக்கே காணி இல்லை என்று ஊர் சிரிக்க முதல் ஏதாவது செய்ய வேண்டும். என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த ஒரே கதை அதுதான்.

அந்த நேரத்தில்தான் ஜெப்றி வந்தார். பாண்டிருப்புப் பக்கம் இருப்பவர், கல்முனையில் ஒரு வங்கிக்கு முகாமையாளர், இவருடைய பள்ளிக்கூடக் கூட்டாளி. வீடு வாங்குகிறவர்களுக்குப் பணம் கொடுக்கும் பகுதிக்கு, ஊர்க் காணிகளைத் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டுமாம். வட்டியில்லாத முறையும் தொடங்குகிறார்கள். வங்கியும் குடும்பமும் பங்காக வீட்டை வாங்கி, வங்கியின் பங்கைக் குடும்பம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளும். பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டோம். அந்தப் பிரிவில் என்றால் தடையில்லை என்றார். மாதம் பிறந்தால் சம்பளம். தரகு வேலையில் ஒரு மாதம் இறைச்சி, அடுத்த மாதம் பருப்பு. நான் அன்றைக்கே மனதுக்குள் இவருக்குக் கழுத்துப்பட்டி கட்டி அழகு பார்த்துவிட்டேன்.

இவர் பார்ப்போம் என்றார். எங்கள் வீட்டில் பார்ப்போம் என்றால், வேண்டாம் என்பதை மரியாதையாகச் சொல்வது.

ஜெப்றி ஒரு வேலையும் கொடுத்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை நேர்முகத்துக்கு வரும்போது, ஏதாவது ஒரு வீட்டைப் பார்த்து அதன் குறைகளைச் சொல்ல வேண்டும். தரகருக்கு நல்லது தெரிந்தால் போதும், பணம் கொடுக்கிறவனுக்குக் கெட்டது தெரிய வேண்டும், கொழும்பிலிருந்து வருகிறவர்கள் அதைத்தான் கேட்பார்கள் என்றார். அதற்கு ஏன் ஊரெல்லாம் அலைய வேண்டும், இந்த வீட்டையே பாருங்கள் என்றேன் நான். சனிக்கிழமை காலை அளவு நாடாவும் கையுமாகச் சுற்றினார். கிணற்றடி, குசினி, பின்னறை எல்லாம் பார்த்தார். வந்து உட்கார்ந்து பிளேன்டீ கேட்டார்.

என்ன குறை கண்டீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்டும் இல்ல. நல்ல ஊடு."

எனக்கு வந்ததே கோபம். பின்னறைச் சுவரில் ஓதம் ஏறி வண்ணம் உரிந்து கிடப்பது, மீன் தலைக்கு வரும் பூனைக்கும் தெரியும். வேலை பிடிக்கவில்லை என்றால் நேரே சொல்லுங்கள், சின்னவள் வாழ்க்கையில் ஏன் விளையாடுகிறீர்கள் என்று கத்திவிட்டேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை.

"ஜெஸீமா, இது உன்ட வாப்பா உனக்குக் கட்டின ஊடு. நான் வந்து சேர்ந்த மனிசன். வந்த ஊட்டுல குறை சொல்ற மாப்புளய ஆருக்குப் புடிக்கும்? என்ட உம்மா சொல்லி அனுப்பினதும் அதுதான். தந்ததத் தின்னு, இருக்கிறதப் புழங்கு, குறை சொல்லாத எண்டு."

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் சொன்னார்.

"வெறும் ஊடு காட்டப் போகக்குள்ள, ஆக்கள் வாறத்துக்கு முந்தியே போயிருவன். திறப்பப் போட்டுத் திறந்து, ஜன்னலெல்லாம் திறந்து, கூட்டிப்போட்டு, நடு ஹோல்ல குந்திக்கிட்டு இருப்பன். அந்தக் கொஞ்ச நேரம் அது என்ட ஊடு மாதிரி. பேங்குக்குப் போனா அது இல்லாமப் போயிரும் புள்ள. வேற ஒண்டுமில்ல."

பெண்ணைப் பெற்றவர்கள் படும் பாட்டைப் பேச ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வந்து குடியேறிய மனிதர் ஆயுள் முழுக்க விருந்தாளியாக இருப்பதைப் பற்றி ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. தபால்காரருக்கு இது ஜெஸீமாட ஊடு. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் அப்படித்தான். இவரும் போனில், ஜெஸீமாட ஊட்டதான் நிக்கிறன் என்றுதான் சொல்வார். அதை அன்பு என்று எண்ணி எனக்குப் பெருமை வேறு. இப்போது அந்த மனிதரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. பாவம் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது என்பதும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை வெளிக்கிடச் சொன்னேன். மருதமுனையில் என் ராத்தா வீட்டுக்குப் போகிறோம், உங்கள் வாப்பா வரமாட்டார் என்றேன். எல்லா ஜன்னலையும் சாத்தி, முன் கதவைப் பூட்டி, வாசலில் நின்ற இவருடைய கையில் திறப்பை வைத்தேன்.

"இண்டைக்கு இஞ்ச ஆரும் இல்ல. இது வெறும் ஊடு. மத்த ஊடுகளத் திறக்கிற மாதிரி இதையும் திறந்து பாருங்க. நாங்க பின்னேரம்தான் வருவம்."

பிள்ளைகள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவர் திறப்பைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். ஓட்டோ வெளிக்கிட்ட பிறகு நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இறங்கியிருப்பேன்.

அஸர் தொழுதுவிட்டு வந்தோம். வீட்டில் எல்லா ஜன்னலும் திறந்து கிடந்தது. பின்னறையில் பெரிய அலுமாரியை நடுவுக்கு இழுத்துவிட்டு, அதற்குப் பின்னால் இருந்த ஜன்னலையும் திறந்திருந்தார். அங்கே ஒரு ஜன்னல் இருப்பதே என் பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர் நடு ஹோலில் நிலத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டும் எழும்பவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள், கூட்டியிருக்கிறேன் என்றார்.

பிறகு தொடங்கினார். ஓதத்துக்குக் காரணம் நாங்கள் நினைத்த மாதிரிக் கிணறு அல்ல, சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாய் வெடித்திருக்கிறது. குசினி ஜன்னல் பிழையான பக்கத்தில், அதனால்தான் எனக்குப் புகை. முன்படி உயரம் காணாது, மாரிக்குத் தண்ணீர் ஏறும். இதோடு விட்டிருக்கலாம். உன்ட வாப்பாவ மேசன் நல்லா ஏமாத்திட்டான் என்று முடித்தார்.

என் வாப்பாவையா? அவர் வெயிலில் குடை பிடித்து நின்று கட்டிய வீடு இது, ஒரு கல் அவர் பார்க்காமல் ஏறியதில்லை என்று நான் பாய்ந்தேன். இவரும் விட்டுக்கொடுக்கவில்லை. குசினிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைத் தட்டிக் காட்டினார். நான் அந்தச் சுவருக்காக வாதாடினேன். மஹ்ரிப் பாங்கு சொல்லும் வரைக்கும் சண்டை. வீட்டைப் பற்றி நாங்கள் போட்ட முதல் சண்டை அது. நடுவில் எங்கேயோ எனக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. அதைக் காட்டாமல் இருக்கத்தான் பெரும்பாடு பட்டேன்.

தொழுதுவிட்டு வந்தவர் ஹோல் தூணில் கையை வைத்துக்கொண்டு நின்றார். குரல் இறங்கியிருந்தது.

"நாளைக்கு ஜெப்றிட்டப் போய் இதெல்லாம் சொல்லப் போறன். அந்த வேலய எடுப்பம். ஆனா குறை மட்டும் சொன்னாப் போதாதுதானே. இந்தத் தூணும் அத்திவாரமும் நல்ல பலம். மேல ஒரு மாடி தாங்கும். சம்பளம் வந்தா வருசத்துக்கு ஒரு அறையாக் கட்டிருவம். சின்னவளுக்குக் காணி தேடத் தேவல்ல."

நான் அண்ணாந்து பார்த்தேன். காணி, காணி என்று நான் அரற்றிக்கொண்டிருந்த இத்தனை வருடமும் அது என் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது. இதை இன்றைக்குத்தான் கண்டுபிடித்தீர்களா என்று கேட்டேன்.

"கலியாணத்தண்டைக்கே கண்டுட்டன்" என்றார். "மாப்புளயா வந்து நிக்கிறவன் எப்பிடிப் புள்ள அதச் சொல்ற?"