ஒற்றைக் கை வின்ச்

நான்கு பேர் தூக்க வேண்டிய தொப்பியை மூன்று பேர் தூக்கிக்கொண்டிருந்தார்கள். தொப்பி என்பது பட்டறைக்காரர்கள் வைத்த பெயர். ஜீப்பின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் கெட்டியான மேல்கூரை அது. பக்கத்துக் கண்ணாடிகளும் பின்கண்ணாடியும் அதோடு சேர்ந்தே வரும். கனம் என்று பார்த்தால் ஒரு ஆளின் கனம்தான். ஆனால் பிடிக்க வாட்டமான இடம் ஒன்றுகூடக் கிடையாது. விளிம்பு விரலை அறுக்கும், உள்ளங்கை வேர்த்தால் வழுக்கும், தலைக்கு மேலே ஏந்திக்கொண்டே பின்பக்கமாகப் பத்தடி நடக்க வேண்டும்.

வெல்டரும் பெயின்டரும் முன்மூலைகளைப் பிடித்திருந்தார்கள். பின்பக்கம் டிங்கர் தனியாக, கைகளை அகல விரித்துக்கொண்டு, முகம் சிவந்து நின்றான். நான்காவது ஆளான நெட்டை சுவர் ஓரமாக நின்றான். வலது கையை விலாவோடு ஒட்டி வைத்திருந்தான், இடது கையில் ஸ்பேனர். எட்டு போல்ட்டையும் கழற்றியவன் அவன்தான். பின்கண்ணாடிக்குப் போகும் வயரையும் தண்ணீர் டியூபையும் பிடுங்கி விட்டவனும் அவன்தான். இரண்டு முறை ஓரடி முன்னால் வைத்துவிட்டு நின்றுகொண்டான்.

"டிங்கரு, உன் பக்கம் இறங்குது. இடுப்பை வளைக்காதே, முட்டியை மடக்கு" என்று வாயால் மட்டும் தூக்கினான்.

கண்ணாடி அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த முதலாளி சிரித்தார். "வாய் நல்லா வேலை செய்யுது. தோள்தான் லீவுல இருக்குது போல."

அந்தத் தோள் எதனால் லீவில் போனது என்று அவருக்குத் தெரியாதா என்ன. நான்கு வாரம் முன்பு இதே இடத்தில்தான். பின்மூலையில் அவன் கை வழுக்கியது. விட்டுவிட்டு விலகியிருந்தால் நெட்டைக்கு ஒன்றும் ஆகியிருக்காது, பின்கண்ணாடிதான் தரையில் தூள் தூளாகியிருக்கும். அவன் விலகவில்லை. தோளைக் கொடுத்து வாங்கிக்கொண்டான். முதலாளி ஓடி வந்தார். கண்ணாடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அப்பாடா, கீறல்கூட இல்ல" என்றார். தோளைப் பற்றி மறுநாள்தான் கேட்டார். முந்தின நாள், வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி இனிமேல் வேலை செய்யக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைப் படித்துவிட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். தொப்பி தூக்க முடிஞ்சா இரு. முடியலன்னா நான் வேற ஆளு பாக்கணும். என் நிலைமையையும் நீ யோசிக்கணும் இல்ல?"

பதினோரு வருஷம் தூக்கியவனிடம் சொன்ன பேச்சு இது.

வெல்டர் நெட்டைக்கு மச்சான். தங்கையைக் கொடுத்தவன். அந்த வார்த்தையை அவனும் கேட்டிருந்தான். மூன்று பேர் தொப்பி தூக்கிய மறுநாள் மத்தியானம் கண்ணாடி அறைக்குள் போய் நின்றான்.

"முதலாளி, உத்திரத்துல கையால சுத்தித் தூக்கற வின்ச் ஒண்ணு மாட்டிட்டா யாருமே தொப்பியைக் கையால தூக்க வேண்டாம். மாப்ளயும் அவன் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பான்."

"அதெல்லாம் ரெடிமேடா வருது. விலை கேட்டா மயக்கம் வரும்."

"நீங்க வாங்க வேண்டாம். நாங்களே பண்ணிடறோம்."

"பண்ணுங்க, யாரு வேண்டாம்னா? லீவு நாள்ல பண்ணுங்க. பட்டறை இரும்பைத் தொடாதீங்க." வெல்டர் கதவைத் தாண்டியபிறகு இன்னொன்றும் சொன்னார். "கரண்டை ரொம்ப இழுக்காதீங்க."

பழைய இரும்புக் கடைக்காரன் வீட்டுக் கேட்டின் கீல் விட்டுப் போயிருந்தது. வெல்டர் அதை ஒட்டவைத்துக் கொடுத்தான். கூலிக்குப் பதிலாக, படகு இழுக்கும் வண்டியிலிருந்து கழற்றிய கை வின்ச் இரண்டு கிடைத்தன. பல் சக்கரம் தேய்ந்திருக்கவில்லை. கைப்பிடியை விட்டாலும் சுமை கீழே வராதபடி நிறுத்தும் கொக்கியும் நன்றாக இருந்தது. எண்ணெயில் ஊறப்போட்டுத் துடைத்ததும் புதுசு போல ஓடியது.

முதல் ஞாயிற்றுக்கிழமை, பட்டறையில் அவர்கள் இரண்டு பேர் மட்டும். முன்பக்கத்துக்கு ஒரு வின்ச், பின்பக்கத்துக்கு ஒன்று. பலகையில் மணல் மூட்டைகளை அடுக்கி, முன்னால் வெல்டரும் பின்னால் நெட்டையும் சுற்றினார்கள். வெல்டர் நான்கு சுற்றுச் சுற்றினால் நெட்டையின் இடது கை மூன்றுதான் சுற்றியது. இடுப்பு உயரம் வருவதற்குள் பலகை பின்பக்கம் சரிந்தது. மூட்டை வழுக்கி விழுந்து வெடித்து, இருவர் காலும் மணலுக்குள் போயின.

"தொப்பியா இருந்திருந்தா இன்னிக்கே என் கணக்கை முடிச்சிருப்பாரு" என்றான் நெட்டை.

"நான் மெதுவா சுத்தறேன்."

"என்னிக்கு நீ எதை மெதுவாப் பண்ணிருக்க?"

நெட்டை மணலிலேயே உட்கார்ந்துவிட்டான்.  பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தரையில் விரித்து, ஸ்பேனர் தட்டை அதன்மேல் வைத்து, நான்கு முனையையும் மேலே ஒன்றாகச் சேர்த்து முடிந்தான். முடிச்சுக்குள் ஒரு விரலை விட்டுத் தூக்கினான். தட்டு சாயாமல் எழும்பியது.

"நாலு மூலைக்கும் நாலு பட்டை. மேல ஒரே கொக்கி. வின்ச்சும் ஒண்ணே ஒண்ணு போதும் மச்சான். ஒத்தக் கையால சுத்தலாம்."

"பின்கண்ணாடி கனமாச்சே. சாயும்."

"கொக்கியை நடுவுல வைக்காதே. ஒரு சாண் பின்னால தள்ளி வை. பின்பக்கம் எவ்வளவு கனம்னு என் தோளுக்குத் தெரியும்."

இரண்டாவது வின்ச்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

பட்டைகளை மாட்டுவதற்கு ஒரு சட்டம் வேண்டும். பட்டறை மூலையில் துருப்பிடித்துக் கிடந்த கோண இரும்பில் ஒரு முழம் எடுத்தாலும் போதும். எடுக்கக் கூடாது என்று உத்தரவு. நெட்டையின் வீட்டில் இருந்த ஒரே இரும்பு அவர்கள் படுக்கும் கட்டில்தான். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் வெல்டர் கட்டிலை வாசலில் சாய்த்து வைத்து அறுத்தான். தங்கை மெத்தையைச் சுருட்டித் தலைவாசலில் வைத்துக்கொண்டு பார்த்தாள். கார் சீட்டுக்கு உறை தைப்பவள் அவள். வீட்டிலேயே மெஷின் வைத்திருந்தாள்.

"கூலிக்கு வேலை செய்யறதுக்கு நாமளே மெஷினும் செஞ்சு குடுக்கணும்னா, அந்த ஆளு எதுக்கு அங்க முதலாளின்னு உக்காந்திருக்காரு?" என்றாள்.

"வேலை இருக்கணுமே" என்றான் நெட்டை.

"தோளை உடைச்சுக்கிட்டவரு தரையில படுக்கணுமா? இதைக் கேக்க உங்களுக்கெல்லாம் வாய் வராதா? அண்ணே, நீயாவது கேட்டியா?"

வெல்டர் அறுப்பதை நிறுத்தவில்லை. கேட்கவில்லை என்பது அவளுக்கும் தெரிந்ததுதான். திட்டிக்கொண்டேதான் அவள் பட்டைகளைத் தைத்தாள். உடைப்புக்குப் போன கார்களின் சீட் பெல்ட்டை இரட்டையாக மடித்து, முனையில் சதுரமாகத் தையல் ஓட்டி, சதுரத்துக்குள் குறுக்கே இரண்டு கோடு போட்டு, அதன்மேல் மறுபடி ஓட்டினாள். மூன்று ஊசி உடைந்தது. நான்காவது பட்டை முடிந்ததும் அதை ஜன்னல் கம்பியில் மாட்டி, காலைச் சுவரில் ஊன்றித் தன் முழு பலத்தையும் போட்டு இழுத்தாள். கம்பிதான் வளைந்தது.

மறுநாள் ஞாயிறு. சட்டத்தை மாட்டி, மூன்று மூட்டை மணலை ஏற்றினார்கள். நெட்டை இடது கையால் கைப்பிடியைச் சுற்றினான். மூட்டைகள் தளும்பாமல் மேலே போயின, உத்திரத்துக்கு ஒரு முழம் கீழே நின்றன. அவன் கையை எடுத்துவிட்டான். மூட்டைகள் அப்படியே நின்றன. மறுபடி இறக்கினான், மறுபடி ஏற்றினான். வேண்டும் என்றே இன்னும் இரண்டு தடவை ஏற்றி இறக்கினான். சோறு கொண்டு வந்திருந்த தங்கை, "போதும்ங்க, மூட்டைக்குத் தலை சுத்தும்" என்றாள். ஆறு வாரத்தில் அன்றைக்குத்தான் அவன் பல் தெரியச் சிரித்தான்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஒரு ஜீப் வந்தது. புதுசு. வண்டிக்காரருக்கு வெயில் காலம் முடிகிறவரை தொப்பி இல்லாமல் ஓட்ட ஆசை. நெட்டை வழக்கத்தைவிட வேகமாகப் போல்ட்டுகளைக் கழற்றி, வயரையும் டியூபையும் பிடுங்கிவிட்டு, பட்டையைக் கையில் எடுத்தான்.

"இரு இரு" என்றார் முதலாளி. உத்திரத்தைப் பார்த்தார். சட்டத்தைத் தட்டினார். "இதை நம்பி எப்படித் தொங்கவிடறது? பின்கண்ணாடி உடைஞ்சா நீ வாங்கித் தருவியா?"

"மூணு மூட்டை மணல் ஏத்திப் பாத்தாச்சு முதலாளி. தொப்பியைவிடக் கனம்" என்றான் வெல்டர்.

"மூட்டை செத்த சுமை. அசையாம கிடக்கும். தொப்பி ஆடும். ஆடுற சுமையை வெச்சுல்ல பாக்கணும்." சுற்றிலும் பார்த்தார். பெயின்டர் கையில் ஸ்பிரே, டிங்கர் கையில் சுத்தியல். "நீதான் சும்மா நிக்கிற. நீ உக்காரு."

நெட்டைக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மச்சானைப் பார்த்தான்.

"ஆளையா?" என்றான் வெல்டர்.

"ஏன், உங்க வேலையில உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

 நெட்டை செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். இரண்டு பட்டையைத் தொடைக்குக் கீழேயும் இரண்டை முதுகுக்கும் கொடுத்து உட்கார்ந்தான். வலது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். வெல்டர் சுற்றினான். கால் தரையை விட்டது. முதலாளியின் நெஞ்சு உயரத்துக்குக் குதிகால் வந்ததும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, பக்கத்துத் தூணில், குதிகாலுக்கு நேராக ஒரு கோடு போட்டார்.

"கால் மணி நேரம் இருக்கட்டும். இறங்குதான்னு பாக்கணும்." வண்டிக்காரரை டீ குடிக்கக் கண்ணாடி அறைக்குள் அழைத்துக்கொண்டு போனார்.

"எப்படி இருக்கு மாப்ள?"

"டியூப் லைட் மேல ஒரு விரல்கடை தூசி."

"பட்டை?"

"உன் தங்கச்சி மாதிரி இல்ல. சத்தமே காணோம்."

வெல்டருக்குச் சிரிப்பு வரவில்லை. கைப்பிடியை விட்டாலும் கொக்கி நிறுத்தும் என்று அவனுக்குத் தெரியும். கொக்கியை ராவித் தீட்டியவனே அவன்தான். இருந்தும் கையை எடுக்கவில்லை. பெயின்டரும் டிங்கரும் குனிந்து வேலை செய்வது போல இருந்தார்கள். கால் மரத்துப்போன நெட்டை விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தான்.

பத்து நிமிஷத்தில் முதலாளி டீ கிளாஸோடு வெளியே வந்தார். வெல்டரின் கையைக் கவனித்தார்.

"ஒத்தக் கையாலயா சுத்தின?"

"ஆமா. மாப்ள யோசனை அது. அவனாலயே சுத்த முடியும், இடது கையால."

"நல்ல யோசனை." ஒரு வாய் டீ குடித்தார். "அப்போ நீ ஒருத்தன் போதும். டிங்கரும் பெயின்டரும் அவங்க அவங்க வேலையைப் பாக்கட்டும். இவ்வளவு நாள் ஒரு தொப்பிக்கு நாலு ஆளை நிறுத்தி வெச்சிருந்தேன் பாரு." பிறகு மேலே பார்க்காமலே சொன்னார். "இவன் மாசக் கடைசியில நின்னுக்கட்டும். வேற இடம் தேட இன்னும் எட்டு நாள் இருக்கு."

"முதலாளி, இது அவன் வேலையில இருக்கணும்னு பண்ணினது. படுக்கற கட்டிலை அறுத்துப் பண்ணினது."

"நல்லாத்தான் பண்ணிருக்கீங்க. நான் குறை ஒண்ணும் சொல்லலையே."

"அப்போ சுத்தறதுக்கு அவனை வைங்க. எனக்கு வெல்டிங் இருக்கு."

"வெல்டிங்குக்கு நடுவுல நீ ரெண்டு சுத்து சுத்தினா எனக்கு ஒரு ஆளு மிச்சம். இதைக்கூடவா விளக்கணும்?"

"போல்ட் கழட்டறது யாரு?"

"போல்ட் யாரு வேணா கழட்டலாம்."

தன்னைப் பற்றிய இந்தப் பேச்சு முழுவதையும் நெட்டை அவர்கள் தலைக்கு மேலே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். வெல்டர் வின்ச்சின் கொக்கியை விடுவிக்கக் கையைக் கொண்டு போனான்.  "இறக்கறேன் மாப்ள."

"இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கே" என்றார் முதலாளி.

"ஆளு தொங்கறான், முதலாளி."

"தெரியுது. அதுக்குத்தானே ஏத்தினோம்."

வெல்டர் கொக்கியைப் பிடித்தபடி நின்றான். மேலேயிருந்து நெட்டையின் குரல் வந்தது. கோபமாகத்தான் வந்தது, ஆனால் சத்தமாக வரவில்லை.

"விடு மச்சான். அஞ்சு நிமிஷமும் ஆகட்டும். நாளைக்கு அந்த வின்ச் சரியில்லன்னு ஒருத்தர் சொல்லக் கூடாது."

முதலாளி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தூணுக்குப் பக்கத்தில் குனிந்தார். கோட்டையும் குதிகாலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒரு நூல் இறங்கவில்லை. வண்டிக்காரரை விரலைக் காட்டிக் கூப்பிட்டார். அவர் வந்து பக்கத்தில் நின்றதும், நெட்டையின் கால் கட்டைவிரலைப் பிடித்து மெல்ல இழுத்து விட்டார். நெட்டை முன்னும் பின்னுமாக ஆடினான். "பாருங்க, இவ்வளவு ஆட்டம் தாங்குது" என்றார் முதலாளி. இரண்டு பேரும் சட்டத்தையும் கொக்கியையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு, அவன் ஆடி நிற்பதற்காகக் காத்திருந்தார்கள்.