குளத்தங்கரைப் படத்துக்குக் கோத்த மாலை

ஓவியத்தைப் பார்த்துப் பாசிமாலை கோத்தால், ஓவியத்தில் இருப்பது மாலை போட்டவரிடம் வந்து சேரும். எங்கள் தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். மரம் இருந்தால் நிழல் வரும். குளம் இருந்தால் கால் ஈரமாகும். ஆள் இருந்தால் ஆள் வருவான், போட்டவர் அவன் இடத்துக்குப் போகவேண்டும். படத்தில் இடம் காலியாக இருக்கக்கூடாது. அதனால் ஆளுக்கு மட்டும் நாங்கள் பாசி எடுப்பதில்லை.

பத்தாவதைப் பாதியில் விட்டுவிட்டு ரெஜினா அக்காவோடு இந்த வேலையில் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்துக்கு இது எவ்வளவோ தேவலை. படத்தைத் தலைகீழாகச் சாய்த்து வைத்துத்தான் நிறம் எடுப்போம். நேராக வைத்தால் கண் மரத்தையும் படிக்கட்டையும் பார்த்துக்கொண்டே இருக்கும், நிறம் தெரியாது.

சூசையம்மாள் மகள் கல்யாணத்துக்காக ஒரு குளத்தங்கரைப் படம் கொண்டுவந்தார். அதில் ஓரமாக இருந்த கறுப்பைப் பனைமரத்து நிழல் என்று நினைத்து அக்கா கறுப்புப் பாசி கோத்தாள். மாலை கழுத்தில் எப்படி விழுகிறது என்று பார்க்க எப்போதும்போல் தானே போட்டுக் கொக்கியை மாட்டினாள். நான் படத்தை நேராக நிமிர்த்தினேன். நிழல் இல்லை. கறுப்புக் குடை பிடித்த ஆள். எங்களைப் பார்த்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கியிருந்தான்.

அவன் வந்து சேரும்வரை கொக்கி கழலாது. நூலை அறுக்கவும் முடியாது. எதிர்வீட்டு ஜெசிந்தா அப்படி அறுத்துத்தான் பாதி மாடு வந்து நின்றது. இன்னும் அவள் அடுக்களையில்தான் நிற்கிறது, தீனி மட்டும் முழுசாகத் தின்கிறது.

அக்கா படத்தைப் பார்க்கவில்லை. “எங்கடி வர்றான்?” என்றாள்.

“குளத்தைத் தாண்டிட்டான்.”

“குடையை விட்டுட்டு வருவானான்னு பாரு. நான் போற இடத்துல ஒரே வெயிலா இருக்கு.”

 நான் பாசிக் கிண்ணத்தை இழுத்துக்கொண்டேன்.

ஒரு பாசி அவனுக்கு ஓர் அடி. மாலை நீண்டால் வழி நீளும். மாலையின் அடியில் புது நூலை முடிந்து கோத்துக்கொண்டே போனேன். பாசி தீர்ந்தது. ஊறவைத்த ஜவ்வரிசியைக் கோத்தேன், அப்புறம் புளியங்கொட்டை. மாலை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனது. அவன் வியர்க்காமல் நடந்து வந்துகொண்டே இருந்தான்.

கோக்க ஒன்றும் மிச்சமில்லாதபோது அம்மா தெருவில் இறங்கி ஒவ்வொரு வீடாக விஷயத்தைச் சொன்னாள். ஜெசிந்தா மாலையை எடுத்துத் தன் கழுத்தில் ஒரு சுற்று போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கொடுத்தாள்.

“பொட்டப்புள்ளைய ஒத்தையில எப்படி அனுப்புறது?” என்றாள்.

அம்மாவும் ஒரு சுற்று போட்டாள்; கடைசிச் சுற்று என் கழுத்தில். புளியங்கொட்டை சில்லென்று இருந்தது. தெருமுனையில் குடையை மடக்கும் சத்தம் கேட்டது. அவன் ஒவ்வொரு கழுத்தாகப் பார்த்துக்கொண்டு வந்தான். யார் என்று பிரித்துப் பார்க்க அவனுக்குப் பொறுமை இல்லை; மொத்தமாகப் போனோம்.

சூசையம்மாள் படத்தை வாங்கிப்போய்ச் சாப்பாட்டு மேஜைக்கு எதிரே மாட்டிவிட்டார். குளத்தங்கரை இப்போது நெரிசலாக இருக்கிறது. அக்கா என் தோளை இடித்துக்கொண்டுதான் நிற்கிறாள். அந்த ஆள் தினமும் அவர்கள் மேஜையில் உட்கார்ந்து மீன்குழம்பு சாப்பிடுகிறான், முள்ளை எங்கள் பக்கம் துப்புகிறான். அம்மா காலையிலும் சாயங்காலமும் பெருக்குகிறாள்.